தீப்பொறி உமிழாத பெட்டி

அத்தியாயம் ஏழு

படகு எரிந்தது, பத்துப் பேர் ஓடிவந்து அணைத்தார்கள். ஒரு பெண்ணின் பெயர் எரிந்துகொண்டிருந்தது. அதன்மீது ஒரு கை நீர் தெளிக்கவும் ஆளில்லை!

ஆற்றின் இரு கரைகளுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பயணப் படகு அது. முந்தாநாள் மதிய ஓய்வில் துறையில் கட்டிக்கிடந்தபோது என்ஜின் அறையில் தீப்பிடித்தது. அணைக்கப் போன உதவியாளின் வலது கை வெந்து, அவன் இப்போது மருத்துவமனையில் கிடக்கிறான். அன்று காலைதான் படகின் பேட்டரி சார்ஜரைச் சோதித்துவிட்டுப் போயிருந்தாள் துறையின் மின்பணியாளர். தீ அணைந்தபின் பார்த்தால், சார்ஜரின் சிவப்புக் கம்பி பேட்டரியின் மைனஸ் முனையில் இருந்தது. கறுப்புக் கம்பி பிளஸ் முனையில் இருந்தது. தீர்ந்தது கதை! வாய்தா இல்லை, வாதம் இல்லை, வழங்கிவிட்டார்கள் தீர்ப்பை. "பொம்பளைகிட்ட வயரைக் குடுத்தா வேற என்ன நடக்கும்?"

அந்தப் பெண்ணைத் துறையில் எல்லோரும் 'வயர்மேன் அக்கா' என்றுதான் அழைத்தார்கள். ஒரு பெண் அந்த வேலைக்கு வருவாள் என்று அந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் கனவிலும் கருதவில்லை. வந்தபின்னும் சொல்லை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணைக் கூட்டம். குற்றம் அவளுடையது என்று முடிவானால் மேனேஜர் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் உரிம அட்டை திரும்பி வராது. கை வெந்தவனுக்காக வழக்கும் வரும். பிறகு அவள் வாழ்நாளில் ஒரு பல்பைக்கூடக் கூலிக்கு மாட்ட முடியாது.

அவள் தேடி வந்தது சல்லடையாரிடம். நாடக மேடையின் திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்த நடிகர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தே பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். மனத்திலிருந்து வரும் பேச்சு எது, மனப்பாடத்திலிருந்து வரும் பேச்சு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். நாடகம் நின்றது, அந்தக் காது நிற்கவில்லை. அதையே மூலதனமாக்கித் துப்பறியத் தொடங்கினார். அவருக்கு உதவியாளர் அக்காள் மகள். அவள் நாக்கின் கூர்மை அறிந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊசி. சல்லடையும் ஊசியும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. சிரித்தவர்களில் சிலர் பிற்பாடு சிறைக்குப் போனார்கள்.

துறை மேனேஜரின் அறையில் மின்விசிறி சுற்றியது. மேனேஜர் அதைவிட வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல துப்பறிய என்ன இருக்கு? கம்பி மாறியிருக்கு. பொறி பறந்திருக்கு. படகு எரிஞ்சிருக்கு. நாலு மணிக்கு அந்தம்மா ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்கும்னா அந்தம்மாவைத் தவிர எல்லாருக்கும்தானே?" என்றாள் ஊசி.

மேனேஜர் அவளை முறைத்தார். "இவங்க யாரு?"

"என் அக்கா பொண்ணு. கேக்க வேண்டியதை நான் கேப்பேன்; கேக்கக் கூடாததை இவ கேப்பா," என்றார் சல்லடையார்.

அறை மூலையில் வயர்மேன் அக்காள் நின்றிருந்தாள். அவளருகே சோற்றுத் தூக்கும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றவன் அவள் கணவன். எரிந்த படகின் ஓட்டுநரும் அவனே. இரு வீட்டாரும் எதிர்த்து நிற்க, பதிவு அலுவலகத்தில் கையெழுத்திட்டு அவளை மணந்தவன். மனைவி கம்பத்தில் ஏறினால் கீழே ஏணி பிடிப்பவன். 'இவனைப் போல ஒருத்தன் கிடைக்கணும்' என்று துறையில் பெண்கள் பேசிக்கொள்வது வழக்கம்.

அவன் ஓரடி முன்னால் வந்தான். "அவ கை நடுங்காத கைங்க." சிறிது நிறுத்தினான். பெருமூச்சு விட்டான். "அன்னைக்கு என்னமோ நேரம் சரியில்லை. பெரிய மனசு பண்ணி மன்னிச்சு விட்டுடுங்க."

"நான் தப்பே பண்ணலைங்க," என்றாள் அவள், கணவனைப் பார்த்து. "நீங்க ஏன் மன்னிப்பு கேக்கறீங்க?"

"உனக்காகத்தான்மா."

சல்லடையாரின் காது ஒருமுறை அசைந்தது. அதை ஊசி மட்டுமே கவனித்தாள்.

என்ஜின் அறைக்கு இறங்கும் ஏணியில் ஊசி மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுவர்கள் கரி, கூரை கரி, குழாய்கள் கரி. தீயில் கருகிய கந்தல் துணிக் குவியல் ஒன்று மூலையில் ஈரமாகக் கிடந்தது. சுவரில் திருகப்பட்டிருந்த சார்ஜர், செங்கல் அளவிலான அலுமினியப் பெட்டி, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு பேசாமல் இருந்தது. அதிலிருந்து இறங்கிய இரு கம்பிகளும் தடுப்புக்கு அப்பால் இருந்த பேட்டரியில் இடம் மாறி முறுக்கப்பட்டிருந்தன. குறுக்கே தடுப்புப் பலகை நின்றதால் பேட்டரி வேகவில்லை. ஆனால் அதன் மேலும் கரி கனமாகப் படிந்திருந்தது.

"பாத்துக்குங்க," என்றார் கூடவே இறங்கிய மேனேஜர். "முனை மேல வாசலின் தடவியிருக்கு பாருங்க. ஈரக் காத்துல துரு பூத்துப் போகக் கூடாதுன்னு இப்படித் தடவுறது அந்தம்மா மட்டும்தான். வேற எவனும் மெனக்கெட மாட்டான். அவங்க கைவேலைதான்னு இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

சல்லடையார் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார்.

"மாமா, இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"ஊசி, இதைப் பாத்தா உனக்கு என்ன தோணுது?"

அவள் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் தீக்குளிச்சிட்டு வந்து நிக்குது. இந்த வாசலின் மட்டும் இப்பதான் குளிச்சு முடிச்சு மேக்கப் போட்டுக்கிட்டு வந்த மாதிரி வெள்ளையா இருக்கு."

"ஆங்!"

"உருகலை. கரி ஒட்டலை. மாமா... இது தீயைப் பாக்கவே இல்லை!"

சல்லடையார் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்திக் கம்பி முனையைத் தூக்கினார். அதற்கு அடியில் பளபளவென்று இருந்திருக்க வேண்டிய பேட்டரி முனையின் ஈயத்தில் கரித்தூள் நசுங்கி அப்பியிருந்தது.

"மேனேஜர் சார், தூசி படிஞ்ச மேஜையில டம்ளர் ரொம்ப நாளா இருந்தா, தூக்கினதும் கீழ எப்படி இருக்கும்?"

"சுத்தமா வட்டமா இருக்கும்."

"டம்ளருக்குக் கீழயும் தூசி இருந்தா?"

"தூசி படிஞ்சப்புறம் டம்ளரை வச்சிருக்காங்க."

"அப்ப இந்தக் கம்பியை?"

சல்லடையார் அந்த வெள்ளைப் பூச்சில் சிறிது சுரண்டி, ஒரு தீப்பெட்டியின் உள்ளே தடவி மூடிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ஊசி. "தீ அணைஞ்சதும் அக்காவோட டூல்ஸ் பெட்டியை யார் எடுத்தாங்க?"

"நான்தான். உடனே பூட்டி என் அறையில வச்சேன். சாவி என் இடுப்புல இருக்கு. அதுக்குள்ளதான் வாசலின் டப்பாவும்..." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். முகம் வெளிறியது. "ஏம்மா, என்னை எதுக்கு அப்படிப் பாக்கறே?"

"சும்மாதான். சாவி அழகா இருக்கு," என்றாள் ஊசி.

பட்டறையில் அதே மாதிரியில் இன்னொரு சார்ஜர் இருந்தது. சல்லடையார் அதை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு பேட்டரியையும் வைக்கச் சொன்னார். மேனேஜர், ஓட்டுநர், வயர்மேன் அக்காள் மூவரும் சுற்றி நின்றார்கள்.

"அம்மா, இந்தப் பெட்டி என்ன செய்யும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

முந்தாநாளிலிருந்து அவளிடம் எவரும் கேட்காத கேள்வி அது. எல்லோரும் 'ஏன் செய்தாய்' என்றே கேட்டார்கள்; 'எப்படி வேலை செய்கிறது' என்று கேட்க ஒரு நாவும் எழவில்லை. அவள் முதுகு நிமிர்ந்தது.

"பேட்டரி காலியா இருந்தா முதல்ல பசிச்சவனுக்குப் போடற மாதிரி அள்ளி அள்ளிப் போடுங்க. முக்கால் வயிறு நிறைஞ்சதும் வோல்டேஜை அப்படியே பிடிச்சுக்கிட்டு, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வரும். முழுசா நிறைஞ்சிடுச்சுன்னா, இறங்காம இருக்கறதுக்கு மட்டும் சொட்டு சொட்டா விடும். அதனால படகைக் கரண்டுல மாட்டி வச்சுட்டுப் போனாலும் பேட்டரி கொதிக்காது."

"எங்க வீட்டு விருந்துல இந்தப் பெட்டியை உக்கார வச்சுப் பரிமாறச் சொல்லணும்," என்றாள் ஊசி. "போதும்னு சொன்னா அங்க யார் கேக்கறா?"

அக்காளின் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அது மட்டும் இல்லைங்க. தன் உடம்பு சூடானா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். உள்ள முழுக்கப் பிசின் ஊத்தி அடைச்சிருக்கு. தண்ணி தெறிச்சாலும் படகு குலுங்கினாலும் அசையாது."

"கம்பியை மாத்திக் கட்டினா?" என்று கேட்டபடியே சல்லடையார் சிவப்புக் கம்பியை மைனஸ் முனைக்குக் கொண்டு போனார். கறுப்பைப் பிளஸ்ஸில் வைத்தார். ஒரு கை சுவிட்சின் மேல்.

"ஐயோ, வேணாம்!" ஓட்டுநர் பாய்ந்து பின்வாங்கினான், முழங்கை தட்டி ஒரு டப்பா உருண்டது. "பொறி பறக்கும் சார்! மூஞ்சி வெந்துடும்!"

மேனேஜர் பீரோவுக்குப் பின்னால் போய்விட்டார். ஊசி மணல் வாளியை மடியில் அணைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "மாமா, உங்க பணப்பெட்டிச் சாவி எங்கன்னு சொல்லிட்டு அப்புறமா போடுங்க!"

வயர்மேன் அக்காள் மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

சல்லடையார் சுவிட்சைப் போட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. சத்தமில்லை, பொறியில்லை, புகையில்லை. பெட்டியின் முகத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மட்டும் 'தவறு' என்று எரிந்தது. கம்பிகளைக் கழற்றி, இரு முனைகளையும் ஒன்றோடொன்று உரசினார். அப்போதும் ஊமையாகவே இருந்தது பெட்டி.

"இது முதல்ல பேட்டரி இருக்கா, பிளஸ் மைனஸ் சரியா இருக்கான்னு பாக்கும்," என்றாள் அக்காள். "சரியா இருந்தாத்தான் கரண்டை வெளியே விடும். இல்லைன்னா முனையில உயிரே இருக்காது. பழைய டைப் சார்ஜர்லதான் மாத்திக் கட்டினா பொறி பறக்கும். அதையெல்லாம் மாத்திட்டு இதை நான்தான் போட்டேன்."

பீரோவுக்குப் பின்னாலிருந்து மேனேஜரின் தலை வெளிப்பட்டது. "அப்படின்னா... கம்பி மாறினதால தீ வரலையா?"

சல்லடையார் கம்பிகளைக் கீழே வைத்தார். "வரவே முடியாது. வேற எதிலோ தீப்பிடிச்சிருக்கு. அணைஞ்சப்புறம் யாரோ இறங்கி, இவங்க தலையில போடறதுக்காகக் கம்பியை மாத்தியிருக்காங்க. மாத்தினவங்களுக்கு இந்தப் பெட்டியைப் பத்தித் தெரியாது. பழைய பெட்டியைப் பத்தித்தான் தெரியும். மாத்தினா பொறி பறக்கும்னு இன்னமும் நம்பறவங்க."

மேனேஜர் பதறினார். "சார், நான் ஒளிஞ்சேன்தான்! ஆனா எனக்குச் சிவப்பு எது, கறுப்பு எதுன்னு பாத்தா தெரியுமே தவிர, பிளஸ் எது, மைனஸ் எதுன்னு சத்தியமாத் தெரியாது! கம்பி மாறியிருக்குன்னே எனக்கு..."

அவர் நிறுத்தினார்.

"சொல்லுங்க," என்றார் சல்லடையார் மெதுவாக. "உங்களுக்கு யார் காட்டினாங்க?"

மேனேஜரின் கண்கள் போக வேண்டிய இடத்துக்குப் போயின.

ஓட்டுநர் உருண்ட டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தான். நேராக வைத்தான். இன்னும் நேராக வைத்தான். "அவ கை நடுங்காத கைங்க." நிறுத்தினான். பெருமூச்சு விட்டான். "அன்னைக்கு என்னமோ நேரம்..."

"சரியில்லை," என்று முடித்தார் சல்லடையார். "தம்பி, அதே வார்த்தை, அதே இடத்துல நிறுத்தம், அதே பெருமூச்சு. துக்கம் வந்தவன் ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி உளறுவான். பாடம் பண்ணினவன்தான் ஒரே மாதிரி பேசுவான்."

"என்ன சார் சொல்றீங்க?" வயர்மேன் அக்காளின் குரல் உயர்ந்தது. "எனக்காக அலையற மனுஷனைப் போய்... போதும் சார். உங்களைக் கூப்பிட்டதே தப்பு. இவரா எனக்கு எதிரி?"

எத்தனை பேர் தன்னை வீழ்த்தக் காத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த வரிசையில் ஒருபோதும் நிற்காத ஒரே முகம் அது. அந்த ஒரு சுவரில் சாய்ந்துதான் மற்ற எல்லாரையும் எதிர்த்தாள்.

சல்லடையார் மேனேஜரின் அறையிலிருந்து டூல்ஸ் பெட்டியை எடுத்துவரச் செய்து, அவரிடம் சாவி வாங்கித் திறந்தார். உள்ளே இருந்த வாசலின் டப்பாவை அவளிடம் நீட்டினார். மங்கிய மஞ்சள் நிறம். "முகர்ந்து பாருங்க."

"இதுல வாசனையே கிடையாது. மருந்துக் கடையில மொத்தமா வாங்கறது."

"இப்ப இது. படகுல, மாத்திக் கட்டின முனையில இருந்து எடுத்தது." தீப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

அவள் குனிந்தாள்.

ரோஜா மணம்.

அவளுடைய படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் வெள்ளை டப்பா. கம்பியும் குறடும் பிடித்துப் பிடித்து வெடித்துப் போன உள்ளங்கைகளுக்காக அவன் வாங்கி வந்தது. வேலை முடிந்து அவள் வந்து சரிந்து அமரும்போது, அவனே எடுத்து, அவனே திறந்து, அவனே அவள் கையைத் தன் மடியில் வைத்துத் தடவி விடுவது. டூல்ஸ் பெட்டி பூட்டப்பட்டுவிட்டது. அவள் கைவேலை போலவே தோன்ற வேண்டும். பூச்சுக்கு எங்கே போவது? வீட்டுக்குப் போயிருக்கிறான். அலமாரியைத் திறந்திருக்கிறான்.

காதலித்த கையைக் காட்டிக்கொடுக்க, அந்தக் கைக்கு இட்ட மருந்தையே எடுத்து வந்தானே! எதிர்த்தவர்கள் எறிந்த கல் அவள் முன்னால் வந்து விழுந்தது. அதைக் கண்டு ஒதுங்கலாம். இது முதுகைத் தடவிக் கொடுத்த கையில் ஒளிந்திருந்த கத்தி. இதற்கு எங்கே ஒதுங்குவாள்?

அவள் தீப்பெட்டியை மூடினாள். ஊசிக்கு அன்று முதன்முறையாகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

"ஒரு சிகரெட்," என்றான் அவன். இப்போது குரலில் பாடம் இல்லை, உளறல் இருந்தது. "விட்டுட்டேன்னு உனக்குச் சத்தியம் பண்ணியிருந்தேனா... மேல நின்னா யாராச்சும் பாத்து உன்கிட்ட சொல்லிடுவாங்க. கீழ இறங்கி ஒண்ணு... எண்ணெய்த் துணி மேல விழுந்ததை நான் பாக்கலை. அந்தப் பய கை வெந்து கத்தும்போது எனக்கு... எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினப்ப படகுக்குக் காவல் நான்தான் இருந்தேன். எதுவுமே ஓடலை."

"எதுவுமே ஓடலை. ஆனா வீட்டுக்கு ஓடிப்போய் வாசலின் எடுத்துட்டு வரணும்னு மட்டும் தோணிச்சு," என்றாள் அவள்.

"இங்க பாரும்மா. உன் தப்புன்னா அட்டை போகும். கேஸ் ஏதோ அபராதத்தோட முடியும். வீட்டுல இரு, நான் சம்பாதிச்சுப் போடறேன். என் தப்புன்னா, என்ஜின் ரூம்ல சிகரெட் பத்த வச்சதுக்கு என்னை உள்ள தள்ளிடுவாங்க. யோசிச்சுப் பாரு. பொம்பளைன்னா கொஞ்சம் இரக்கப்படுவாங்க. எனக்கு அதுகூடக் கிடைக்காது."

வாசகரே, வீட்டையும் சம்பிரதாயத்தையும் எதிர்த்து மணந்தவன் பேசும் பேச்சைக் கேட்டீரா? ஏணி பிடித்த கைக்குள் இத்தனை நாளும் எந்தக் கணக்கு இருந்தது என்று பார்த்தீரா? பெண்ணின் தொழில் என்றால் போனால் போகட்டும் என்று விடத்தக்க உதிரி! ஆணின் தொழில் என்றால் படகின் அடிமரம்! பழைமைவாதி இதை உரக்கச் சொல்கிறான். இவன் உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்தான்.

அவள் மேஜையருகே போனாள். கழன்று கிடந்த கம்பிகளை எடுத்து, சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் பொருத்தினாள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"இந்தப் பெட்டியும்தான் தன்னைக் காப்பாத்திக்குது," என்றாள். "கம்பியை மாத்திக் கட்டினா கரண்டை நிறுத்திக்குது. அதுக்காகப் பக்கத்துல இருக்கற பேட்டரியை எரிக்கலை." பிறகு அவனை நேராகப் பார்த்தாள். "மணி நாலாகப் போகுது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

'நீ' என்ற அந்த ஒற்றையெழுத்து அவனை அடித்த வேகத்தில் அவன் கை சோற்றுத் தூக்கை நழுவ விட்டது. சோறு தரையில் சிதறியது.

அவன் சொல்லவில்லை. கூட்டத்தில் அவள்தான் சொன்னாள். குரலை உயர்த்தாமல், கண்ணைத் துடைக்காமல், தீப்பெட்டியை மேஜைமேல் வைத்துச் சொன்னாள். மேனேஜர் எழுந்து, தான் அவசரப்பட்டதாகத் தடுமாறிச் சொல்லி, உரிம அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கணவனை இருவர் வெளியே அழைத்துப் போனார்கள். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் அட்டையின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பின்வரிசையிலிருந்து எழுந்தது ஒரு குரல்: "என்ன இருந்தாலும் கட்டின புருஷனை இப்படிக் காட்டிக் குடுக்கலாமா?"

நான்கைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. சற்று முன்பு அவளைக் குற்றவாளி என்ற அதே தலைகள்! பொய்யாகப் பழி சுமத்தியவன் பாவம். மெய்யைச் சொன்னவள் துரோகி. இதுதான் இந்தச் சபையின் நீதி.

ஊசிக்கு நாக்கு திரும்பி வந்தது. "யாருங்க அது? எழுந்து முகத்தைக் காட்டுங்க. உங்க வீட்டுல சார்ஜர் போடணும்னா இந்த அக்காகிட்ட சொல்லலாம். உங்களுக்குத்தான் பிளஸ் எது, மைனஸ் எதுன்னு தெரியலையே!"

பின்வரிசையில் தலைகள் குனிந்தன.

வயர்மேன் அக்காள் திரும்பியும் பார்க்கவில்லை. டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். துறையில் இன்னொரு படகு, தன் சார்ஜர் மாட்டப்படக் காத்து, அலையில் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் தூக்கிட்டு வரட்டுமா அக்கா?" என்றாள் ஊசி.

"வேணாம்மா. பழகிக்கணும்."

படியில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் வாசலின் டப்பாவை எடுத்து, இடது கை வலது கைக்கும், வலது கை இடது கைக்குமாக, வெடித்த உள்ளங்கைகளில் தானே தடவிக்கொண்டாள். அதில் எந்த வாசனையும் இல்லை. ஒருமுறை முகர்ந்து உறுதி செய்துகொண்டு, படகை நோக்கி நடந்தாள்.